உயிரோடிருந்தவருக்கு ஒப்புக்கொடுத்த பூசைகள்

இத்தொடரின் முந்தைய பகுதியொன்றில் என் தங்கை செசிலியை இளமையிலேயே கணவரை இழந்தவள் என்று எழுதியிருந்தேன். அது பிழை. அவள் கணவர் இன்னாசிமுத்து இறக்கவில்லை. ஒருவரை அச்சில் இறந்தவராக்கிய பின் அச்சிலேயே அவரை உயிரோடு காட்டுவது எழுதியவன் கடமை. எழுத விருப்பமில்லாத இப்பகுதியை அதன்பொருட்டே எழுதுகிறேன். தங்கையின் இசைவைக் கேட்டேன். "எழுதுங்கண்ணே. ஊரெல்லாம் தப்பாப் படிச்சாச்சு, சரியாவும் படிக்கட்டும்" என்றாள்.

எனக்குத்தான் கை ஓடவில்லை. சில செய்திகளை எழுதுவதற்கு முன்பே உடம்பு களைத்துப்போகிறது.

புவனகிரியிலிருந்து வந்தவர்

தவக்காலத்தின் தொடக்கம். கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டு வாயிலில் நண்பகல் வெயில் கண்ணைக் கூசச் செய்துகொண்டிருந்தது. மனைவி மறைந்தபின் நானும் தங்கையும் ஒரே கூரையின்கீழ் வாழ்கிறோம். அவள் அடுக்களையில் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

நடுவயதினர் ஒருவர் வந்தார். கையில் இவ்விதழ் சுருட்டப்பட்டிருந்தது. புவனகிரியில் பள்ளி ஆசிரியர் என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டார். பாராட்ட வந்திருக்கிறார் என்று எண்ணி, அதற்குரிய முகத்தை வரவழைத்துக்கொள்ள முயன்றேன். அவர் தண்ணீர் அருந்தினார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

"ஐயா, தப்பா நெனச்சுக்கக் கூடாது. நீங்க எழுதியிருக்கிற இன்னாசிமுத்து, குடிகாட்டுப் பக்கம் கம்பெனிங்கள்ல பைப் வேலை பாத்தவருதானே?"

"ஆம்."

"எடது புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு இருக்குமா?"

அந்தத் தழும்பை நான் எழுதியிருக்கவில்லை.

"அவுரு எங்க ஊரு ரைஸ் மில்லுல வாட்ச்மேனா இருந்தாருங்க. என் வீடு மில்லுக்கு எதுத்தாப்ல. இப்ப ஒடம்பு ரொம்ப முடியல. சிதம்பரத்துல பெரியாஸ்பத்திரியில சேத்திருக்கோம். பொழுது போவட்டும்னு உங்க கட்டுரைய நான்தான் படிச்சுக் காட்டுனேன். 'யோவ், உன் பேர்ல ஒருத்தன் செத்துட்டான்யா'ன்னு வெளையாட்டாதான் சொன்னேன். மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பிச்சுட்டாரு."

அடுக்களையில் பாத்திர ஒலி நின்றது. செசிலி புளி வழியும் கையோடு வெளியே வந்தாள். வந்தவரை ஒருமுறை பார்த்தாள்.

"இன்னொரு டம்ளர் தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள்.

அவர் வேண்டாமென்று தலையசைத்தார். அவள் உள்ளே போனாள். சற்று நேரத்தில் குழம்பு கொதிக்கும் மணம் வந்தது. அன்று அக்குழம்பில் உப்பே இல்லை.

இறந்த கதை

இன்னாசிமுத்து குழாய் பொருத்தும் தொழிலாளி. நல்ல குரல். கிறித்து பிறப்பு நாளில் கோயிலில் அவர் பாடினால் பின்வரிசைக் குழந்தைகளும் பேச்சை நிறுத்துவார்கள். குடியும் இருந்தது. மழைக்கால மாலையொன்றில், சோறு ஆறிவிட்டதென்னும் சிறு சொல்லில் தொடங்கிய சண்டையில், செசிலியின் இடக்கையைப் பிடித்து முறுக்கினார். எலும்பு கோணலாகக் கூடியது. இன்றும் அவளால் அந்த உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப இயலாது. எங்கள் வழிபாட்டில் இடக்கையை வலக்கையின் மேல் விரித்து நற்கருணை அப்பத்தை, பேச்சில் 'நன்மை'யை, வாங்குவது இப்போதைய வழக்கம். அவள் மட்டும் பழைய முறையில் நாவில் வாங்குவாள். பக்தி மிகுதி என்று புதியவர்கள் எண்ணுவார்கள்.

அதன்பின் சில திங்களில் அவர் ஒரு குழுவோடு குசராத்துக்கு வேலைக்குப் போனார். பெண்மக்கள் இருவரும் அப்போது சிறியவர்கள். ஓராண்டு கழித்து உடன் போனவர்களுள் ஒருவர் திரும்பி வந்து, காய்ச்சலில் இன்னாசி போய்விட்டார், அங்கேயே அடக்கம் செய்துவிட்டோம் என்றார். சொல்லும்போது அவர் கண்கலங்கியதும் உண்மை. சாவைப் பற்றிப் பொய் சொல்வார்கள் என்று யார்தான் நினைப்பார்கள்? தாலி இறங்கியது. நாங்கள் நம்பினோம்.

பிற சமயத்து அன்பர்களுக்கு ஒன்று விளக்க வேண்டும். கத்தோலிக்கர் இறந்தோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பர். மக்கள் நாவில் அது பூசை. பூசை தொடங்குமுன், யாருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக அது ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்பதைப் பெயர் சொல்லி வாசிப்பர். இறந்தவர் தமக்கெனத் தாம் இனி எதுவும் கேட்க முடியாது. ஆகவே இருப்பவர் கேட்பது. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் ஒரு நாள் இன்னாசிமுத்துவின் பெயர் எங்கள் கோயிலில் வாசிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அது ஒருமுறையும் தவறவில்லை.

கல்லறைத் திருநாளன்று ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லறைக்குச் சுண்ணாம்படித்துப் பூவிடும். வெளியூரில் புதைக்கப்பட்டவர்களின் உறவினர் கல்லறைத் தோட்டத்தின் நடுவிலுள்ள பெரிய சிலுவையின் அடியில் மெழுகுதிரி ஏற்றுவர். செசிலியின் திரி அங்கேதான் எரியும். தூறல் விழுந்து அணையும். குனிந்து மறுபடியும் ஏற்றுவாள்.

சிதம்பரத்துக் கட்டில்

நான் முதலில் தனியே போனேன். சிதம்பரத்தில் முப்பதாண்டுக்கு மேல் கல்லூரியில் தமிழ் கற்பித்தவன் நான். ஒருகாலத்தில் அந்தப் பேருந்து நிலையத்தில் இறங்கியவுடன் கால்கள் தாமே நடக்கும். இப்போது படியிறங்கி, கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, முழங்கால் ஒத்துழைக்கும் வரை நிற்க வேண்டியிருக்கிறது.

ஆண்கள் பிரிவில், சன்னலை ஒட்டிய கட்டிலில் இன்னாசிமுத்து கிடந்தார். வயிறு வீங்கியிருந்தது, மற்றெல்லாம் வற்றியிருந்தது. கண்கள் மஞ்சள்.

"வாங்க மச்சான்" என்றார், நேற்றுப் பிரிந்தவர் போல. "தாடி வெச்சிருக்கேன். அடையாளம் தெரியுதா?"

"இறந்தவர்களை அடையாளம் காணும் பழக்கம் எனக்கில்லை, மாப்பிள்ளை."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி நெடுநேரம் நீண்டது. கோபத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். அந்த இருமல் முடியும்வரை காத்திருந்ததில் அது எங்கோ போய்விட்டது. களைப்பு மட்டும் எஞ்சியது.

"செத்துட்டேன்னு சொல்லச் சொன்னது நான்தான். அந்தாளு மேல தப்பில்ல. அங்க ஒருத்தி இருந்தா. திரும்பி வர மூஞ்சியும் இல்ல. செத்துட்டா செசிலிக்கும் ஒரு முடிவா இருக்கும்னு நெனச்சேன். அப்புறம் அந்த மனுஷியும் போய்ச் சேந்துட்டா. அதுக்கப்புறந்தான் இந்தப் பக்கம் வந்தேன்."

"புவனகிரிக்கும் கடலூருக்கும் என்ன தொலைவு? ஒருமுறை வந்து சொல்லியிருக்கலாமே."

"வந்தேனே."

நான் அவரைப் பார்த்தேன்.

"ஒரே தடவ வந்தேன். மழை நாளு. கோயில்ல தூரத்துலேர்ந்து பாத்துட்டுப் போயிடலாம்னு, பின்னாடி தூணோரமா ஒக்காந்தேன். பேரு படிச்சாங்க. எம்பேரு, மச்சான். எல்லாரும் எனக்காவ முட்டி போட்டாங்க. நான் மட்டும் ஒக்காந்திருந்தா நல்லா இருக்காதேன்னு நானும் போட்டேன்."

பக்கத்துக் கட்டிலில் இருந்த முதியவர் தலையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நன்மை வாங்க வரிசை போச்சு. செசிலி நாக்கை நீட்டித்தான் வாங்கினா. ஏன்னு அந்தக் கோயில்ல எனக்குத்தான் தெரியும். எழுந்து வந்துட்டேன். மழையில நனைஞ்சுக்கினே பஸ்ஸு ஏறிட்டேன்."

அவர் கேட்டது ஒன்றுதான். அவ்வூர்ப் பங்குச் சாமியார் வந்து அவர் பாவ அறிக்கையைக் கேட்டு, எண்ணெய் பூசி நோயில்பூசுதலும் கொடுத்துவிட்டார். "பாவமெல்லாம் போச்சு, தைரியமா இருங்கன்னாரு. சந்தோஷந்தான். ஆனா நான் ஒடச்சது சாமியாரு கையயா? அவ வந்து மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் நிம்மதியாப் போவேன். கேட்டுச் சொல்லுங்க, மச்சான்."

வெளியே மருத்துவர் என்னிடம், இவ்வாரம் தாண்டினாலே வியப்பு என்றார்.

தூது

கடலூர் திரும்பியதும் செசிலியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பின்வரிசைத் தூணைப் பற்றியும் சொன்னேன். பெண்மக்கள் இருவரும் கைப்பேசியில் "அம்மா இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அழுதார்கள். செசிலி துணி மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

அவ்வெள்ளி மாலை சிலுவைப்பாதை வழிபாடு முடிந்தது. எங்கள் பங்குச் சாமியார் இளைஞர், நல்ல உழைப்பாளி. அன்று அவர் ஆற்றிய மறையுரை, பாவம் எவ்வளவு பெருகினாலும் இறையருள் அதனினும் மிகுதியாகப் பொங்கும் என்னும் திருத்தூதரின் போதனை பற்றியது. அப்போதனையை நானும் மேடைகளில் பலமுறை விளக்கியிருக்கிறேன். குற்றமும் அருளும் தராசின் இரு தட்டுகள் அல்ல. குற்றத்தின் எடைக்கு நிகராக அருள் நிறுக்கப்படுவதில்லை. ஒரு மனிதன் கெடுத்ததைவிடக் கூடுதலாகவே கிறித்து மீட்டுத் தந்தார். அது கொடை, கூலியன்று. அழகான கருத்து. ஆழமான கருத்துங்கூட. அன்று மாலை அச்சொற்கள் என் காதில் உமி போல விழுந்தன.

கூட்டம் கலைந்ததும் செசிலி நேரே சாமியாரிடம் போனாள். நான் பின்னே நின்றேன்.

"சாமி, ஒரு சந்தேகம். உசுரோட இருக்கறவருக்கு செத்தவர் பூசை வெச்சா அது செல்லுமா?"

அவருக்குச் செய்தி தெரிந்திருந்தது. "உயிரோட இருக்கறவங்களுக்காகவும் பூசை ஒப்புக்கொடுக்கலாம்மா. எதுவும் வீணாப் போகல. நீங்க தப்பாக் கேட்டிருந்தாலும் ஆண்டவர் சரியாவே வாங்கியிருப்பாரு."

"அப்ப அந்த அருளெல்லாம் இவ்ளோ வருஷமா அவுருக்குத்தான் போச்சா?"

"அப்படித்தான் நம்பணும்."

"ரைஸ் மில்லுல ஒக்காந்துக்கினு வாங்கிக்கினாரா?"

சாமியார் சிரிப்பை அடக்கினார். அவள் சிரிக்கவில்லை.

"இப்ப நீங்க பிரசங்கத்துல சொன்னீங்களே, பாவம் ஜாஸ்தியானா அருளும் ஜாஸ்தியாவுதுன்னு. அப்ப நல்லா ஒடச்சுட்டு, ஓடிப்போயி, செத்துட்டேன்னு பொய்யும் சொன்னாத்தான் நெறையக் கெடைக்குமா? வீட்டுலயே கெடந்தவளுக்குக் கொஞ்சந்தானா?"

"இந்தக் கேள்விய திருத்தூதர் காலத்துலயே கேட்டுட்டாங்கம்மா."

"பதில் இன்னா சொன்னாங்க?"

"அப்படி இல்லவே இல்லைன்னாங்க."

"அவ்ளோதானா?"

அவர் செருப்பைப் பார்த்தார். பின் மெதுவாக, "அவருக்குக் கொடுத்ததுல உங்க பங்கு கொறையலம்மா. ஆனா உங்கள நான் கட்டாயப்படுத்த மாட்டேன். நான் கொடுத்தா அது ஆண்டவரோட மன்னிப்பு. உங்களோடத நான் எடுத்துக் கொடுக்க முடியாது" என்றார்.

குருக்கள் பயிலும் செமினாரியில் கற்ற விடையாக அது எனக்குத் தோன்றவில்லை. செசிலி அவருக்குத் தோத்திரம் சொல்லிவிட்டு நடந்தாள். வழியில் அவள் கேட்டது ஒன்றுதான்: "நீங்க இன்னாண்ணே சொல்றீங்க? படிச்சவரு நீங்க."

"எனக்குத் தெரியவில்லை, அம்மா" என்றேன். உண்மையில் எனக்கு உட்கார ஓரிடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

வராத சொல்

மூன்று நாளோ நான்கு நாளோ கழிந்தன. ஒரு காலையில் அவள் கோயிலுக்குக் கட்டும் புடைவையோடு வாயிலில் நின்றாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுண்ணே."

குடிகாட்டைக் கடக்கும்போது ஆலைகளின் வழக்கமான மருந்து நெடி சன்னல் வழியே புகுந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். "இந்த நாத்தந்தான் அவுரு சட்டையில இருக்கும். எவ்ளோ சோப்பு போட்டாலும் போவாது" என்றாள்.

அவளைக் கண்டதும் இன்னாசிமுத்து எழ முயன்றார்.

"படுங்க" என்றாள்.

அவர் படுத்தார். பேச எண்ணி ஒத்திகை பார்த்து வைத்திருந்தார் போலும், ஒவ்வொன்றாகச் சொன்னார். "ஒன் கைய ஒடச்சேன். புள்ளைங்கள விட்டுட்டுப் போனேன். இன்னொருத்தி கூட இருந்தேன். செத்துட்டேன்னு சொல்ல வெச்சு ஒந்தாலிய எறக்க வெச்சேன். பின்னாடி ஒக்காந்து எம்பூசைய நானே பாத்துட்டு ஓடிட்டேன்." மூச்சு வாங்கியது. "மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு, செசிலி. போயிடறேன்."

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவள் அச்சொல்லைச் சொல்லிவிட்டால் எல்லோரும் வீடு திரும்பலாம் என்று என் மனம் அற்பமாக எண்ணியது.

"வரலைங்க" என்றாள்.

அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"பொய் சொல்ல எனக்கு வராது. சாவப்போற மனுஷன்கிட்ட சும்மாவாச்சும் சொல்லிட்டுப் போயிடலாம். பஸ்ஸுல வரும்போது சொல்லிப் பாத்துக்கினுதான் வந்தேன். வாயில வருது, உள்ளேர்ந்து வரல. அருள் பொங்கி வழியுதுன்னு சாமியாரு சொல்றாரு. வழியட்டும். எம்பக்கம் இன்னும் வந்து சேரல."

"சரி" என்றார் அவர். "சரி, செசிலி."

"இன்னா சரி? வர்ற வரைக்கும் இருங்க."

அவர் கண் திறந்தார். "டாக்டரு இந்த வாரமேன்னு..."

"டாக்டரு சொன்னா? செத்துட்டேன்னு சொல்லிட்டு இருபது வருஷத்துக்கு மேல இருந்தீங்க இல்ல? அந்த மாதிரி இருங்க."

பக்கத்துக் கட்டில் முதியவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "ஏம்பா, நல்ல தண்டனைப்பா இது" என்றார். இன்னாசிமுத்துவின் வீங்கிய வயிறும் குலுங்கியது. செசிலி எழுந்து, முகம் மாறாமல், அவர் தலையணை உறையைத் தொட்டுப் பார்த்து, "இத மாத்தி எத்தினி நாளாச்சு?" என்று செவிலியைத் தேடிப் போனாள்.

இன்றைய நிலை

அந்த வாரம் கடந்தது. தவக்காலம் முடிந்து, பாஸ்கா என்னும் உயிர்ப்புத் திருநாளும் வந்து போனது. கத்திரி வெயிலும் கழிந்துவிட்டது. இன்னாசிமுத்து இருக்கிறார். மருத்துவர் இப்போதெல்லாம் காலக்கெடு எதுவும் சொல்வதில்லை. கட்டிலைக் கடக்கும்போது தலையை மட்டும் அசைக்கிறார்.

செசிலி ஒவ்வொரு வியாழனும் போகிறாள். கஞ்சி கொண்டுபோகிறாள். அவர் குடிக்க மறுத்தால் சண்டை. குடித்துவிட்டு நன்றாயிருக்கிறதென்றாலும் சண்டை. மக்கள் இருவருள் மூத்தவள் ஒருமுறை வந்து வாயிலருகே நின்று பார்த்துவிட்டுப் போனாள், அருகே வரவில்லை. "அவள ஒண்ணும் சொல்லாதீங்க" என்று இன்னாசிமுத்துதான் எங்களிடம் சொன்னார்.

நானும் உடன் போகிறேன். கால்கள் வீங்குகின்றன. கூட்டம் மிகுந்த நாள்களில் இருக்கை ஒன்று கிடைத்தால் அவள் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, நல்ல கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றே வருகிறாள். திரும்பும் வழியில் நான் கேட்பேன்: "வந்ததா?"

"இன்னும் இல்லண்ணே" என்பாள். சில வாரங்களில் அலுப்போடு. சில வாரங்களில், தேங்காய் விலை கேட்டதுபோல் இயல்பாக.

சென்ற வியாழன் அவர் உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வேண்டா என்றேன். அவள் முக்காலியில் உட்கார்ந்து, அவர் மூச்சு ஏறி இறங்குவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு சற்றே நின்று தொடர்ந்தபோது, "இருங்க, இருங்க, அவசரப்படாதீங்க" என்று மெல்லச் சொன்னாள். பிறகு நான் பார்த்ததை உணர்ந்து எழுந்து கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவப் போனாள். அன்று நான் எதுவும் கேட்கவில்லை.

இவற்றை மூவர் சொல்லக் கேட்டும் நானே கண்டும் எழுதியிருக்கிறேன். முதுமையில் நினைவு இடறும். நிகழ்ச்சிகளின் வரிசையில் பிழையிருந்தால் புவனகிரி அன்பர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். அருள் பற்றி நான் சொன்னவற்றில் திருச்சபையின் போதனைக்கு மாறானது இருந்தால் கற்ற குருக்கள் திருத்தட்டும், பணிவோடு ஏற்பேன். ஒன்றே வேண்டுவேன். இப்பகுதியைப் படித்துவிட்டு, கோயில் வாயிலிலோ கடைத்தெருவிலோ என் தங்கையை நிறுத்தி, இன்னுமா மன்னிக்கவில்லை என்று யாரும் கேட்க வேண்டா. திருத்தங்கள் எல்லாம் எனக்கே வரட்டும்.